பத்து நிமிடக் குறும்படம்: லாட்ஜ் த்ரில்லரா, உப்பளமா?

நெய்தல்:
விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு. ஐந்து பேர் குழு, பத்து நிமிடப் படம், ஜனவரி கடைசிக்குள் கொடுக்கணும். ரெண்டு யோசனை இருக்கு. லாட்ஜ் அறையில் மாட்டிக்கொண்ட ரெண்டு பேர், ஒரு த்ரில்லர். இல்லைன்னா எங்க ஊர் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள். குழு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. உங்க கருத்தைச் சொல்லுங்க.

இடைவேளை:
கண்ணை மூடிட்டு த்ரில்லர் எடுங்க. ‘நாளைய இயக்குநர்’ங்கிற டிவி குறும்பட நிகழ்ச்சியில இருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன்லாம் மேல வந்தது கதை சொல்லித்தான். நாலு சுவருக்குள்ள வெளிச்சமும் சத்தமும் உங்க கட்டுப்பாட்டுல இருக்கும். உப்பளத்துல கடற்காத்து மைக்ல அடிச்சா ஒரு வசனம்கூடத் தேறாது. வெள்ளை உப்புல வெயில் பட்டா, என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள்ள போற வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) இல்லாம எடுத்த காட்சி வெளுத்துப் போயிடும்.

கரிசல்:
அதெல்லாம் சமாளிக்கலாம். விடிகாலையில எடுங்க, வசனத்தைக் குறைங்க. லாட்ஜ் த்ரில்லர் எல்லா பேட்ச்லயும் வருது. இருபத்தொரு வயசுப் பையன் இன்ஸ்பெக்டரா வந்து மிரட்டுவான், கடைசியில எல்லாம் கனவு. நீங்க எடுத்தா மட்டும் என்ன புதுசா இருக்கப் போகுது?

இடைவேளை:
சரி, உப்பளம்னா என்ன எடுப்பீங்க? வெடிச்ச பாதத்துக்கு க்ளோசப், பின்னாடி வயலின். அடுத்தவங்க கஷ்டத்தைக் காட்டி மார்க் வாங்குறதுல எனக்கு உடன்பாடு இல்லை. இதை மனசார சொல்றேன்.

நெய்தல்:
அண்ணா, எங்க அம்மாவே உப்பு வாரப் போறவங்கதான். விடியறதுக்கு முன்னாடி கிளம்பும்போது ஒரு லிட்டர் பாட்டில் நிறைய தண்ணி எடுத்துட்டுப் போவாங்க. மத்தியானம் திரும்பி வரும்போது பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். அங்க பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால அந்த வெயில்லயும் தண்ணி குடிக்க மாட்டாங்க. இதைத்தான் எடுக்கணும்னு எனக்குத் தோணுது.

கரிசல்:
இதுதாம்மா கதை! ‘உப்பளத் தொழிலாளர்’னு பொதுவா எடுத்தா அது வெறும் செய்தித் தொகுப்பு. பாட்டில் ஏன் குறையாம வருதுன்னு மகள் யோசிக்கிற இடத்துல படம் ஆரம்பிச்சிடுது.

அம்பாரம்:
நானும் அந்தப் பக்கம்தான். ஒண்ணு யோசிச்சீங்களா? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. பாத்தி பூரா தண்ணி நிக்கும், வேலை இருக்காது. அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குறதே அந்த மாசங்களுக்குத்தான். ஜனவரியில அப்பதான் பாத்தியைச் சரி பண்ணுவாங்க. உப்பு வாருற காட்சிக்கு எங்க போவீங்க?

கரிசல்:
உப்பளத்தைக் காட்டவே வேண்டாம். வீட்டுக்குள்ளயே எடுக்கலாம். சேலைக் கரையில காய்ஞ்ச உப்பு, வாசல்ல கழட்டிப் போட்ட பூட்ஸ், பாட்டில். இடைவேளை கேட்ட நாலு சுவரும் கிடைச்சாச்சு.

இடைவேளை:
இந்த வடிவம்னா நான் எதிர்க்கல. வயலின் மட்டும் கூடாது. நெய்தல், முதல்ல அம்மாகிட்டயும் அவங்க கூட வேலை பாக்குறவங்ககிட்டயும் கேட்டுடு. மேஸ்திரி பாத்துட்டு நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொன்னா, பாதிப்பு உனக்கு இல்ல, அவங்களுக்கு. அம்மா வேஷத்துக்கு வேற ஆளைப் போடு. இன்னொண்ணு, தண்ணி ஏன் மிஞ்சுதுன்னு படத்துல யாரும் வாயால சொல்லக் கூடாது. பாக்குறவங்களே கண்டுபிடிக்கட்டும்.

நெய்தல்:
கேட்டுட்டேன் அண்ணா, எடுக்கச் சொல்லிட்டாங்க. வேற ஆள் போடுறதுக்கும் சரி. கடைசியா சொன்னதை மட்டும் ஏத்துக்க முடியல. பட்டணத்துல உக்காந்து பாக்குறவங்க, அம்மாவுக்குத் தாகமே இல்ல போலன்னு நினைச்சிட்டுப் போயிடுவாங்க. கழிப்பறை இல்லைன்னு ஒரு வசனமாவது வரணும். அதை அம்மா பாத்திரம்தான் சொல்லணும், மகள் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு விதமாவும் எழுதி இங்கயே போடுறேன், படிச்சுட்டுச் சண்டை போடுங்க.