மூலத்தை மிஞ்சிய கவர் பாடல்கள்: நீங்கள் கேட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழையகேசட்:

ஒருவர் எழுதிப் பாடிய பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடி (இதைத்தான் கவர் என்கிறோம்), அது இரண்டாமவருடைய பாட்டாகவே மாறிவிடுவது உண்டு. அப்படி உங்களை உலுக்கிய பாட்டு எது, எப்போது கேட்டீர்கள் என்று எழுதுங்கள். நான் 'ரெஸ்பெக்ட்'டில் தொடங்குகிறேன்.

விடுதி அறையில் நண்பன் ஒருவன் ஓட்டிஸ் ரெடிங்கின் 1965 பதிவையும் அரீத்தா ஃபிராங்க்ளினின் 1967 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். ரெடிங் எழுதியது ஓர் ஆணின் பாட்டு. உழைத்துச் சம்பாதித்து வீடு திரும்புகிறவன், வீட்டில் கொஞ்சம் மரியாதை கொடு என்று கெஞ்சுகிறான். வேகமான தாளம், பின்னால் டிரம்பெட், சாக்சபோன் எல்லாம் முட்டி மோதும். நல்ல பாட்டுதான், இன்றும் விரும்பிக் கேட்கிறேன்.

அப்புறம் அரீத்தா. வரிகளில் பெரும்பாலானவை அவைதான். ஆனால் பெண் பாடியதும் கெஞ்சல் போய்விட்டது. கேட்டு வாங்குகிற குரல் வந்துவிட்டது. நாம் எல்லோரும் சேர்ந்து கத்துகிற அந்த 'ஆர், ஈ, எஸ், பி, ஈ, சி, டி' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடம் ரெடிங்கின் பதிவில் கிடையாது. அது அரீத்தா சேர்த்தது. பின்னணியில் அவருடைய சகோதரிகள் கரோலினும் எர்மாவும் குரல் கொடுக்கிறார்கள். கிங் கர்ட்டிஸ் சாக்சபோனில் வாசிக்கும் நடுப்பகுதியும் மூலத்தில் இல்லை. வேறொரு பாட்டின் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் பதிவான அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது ரெடிங் அதை ஏற்றுக்கொண்ட விதம். அதே ஜூனில் மான்டரே இசை விழா மேடையில் இந்தப் பாட்டைத் தொடங்கும் முன், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் பாடினார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார், வயது 26.

கீபோர்டுக்காரன்:

அருமையான தொடக்கம் அண்ணா. நான் ரொம்ப நாள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு மேடைகளில் எங்களுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, "ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்பதுதான். இடையிசையில் ஒரு சுரம் மாறினாலும் முன்வரிசையில் இருக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பயிற்சி எனக்கு நிறையக் கொடுத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' என்னை அப்படி அசைத்தது. பாப் டிலன் 1967இல் வெளியிட்டபோது அது ஓர் எளிய பாட்டு. சாதா கிட்டார், மௌத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். கதை சொல்லி கதை சொல்லுவது போலப் பாடுவார். சில வாரங்களிலேயே லண்டனில் ஹென்ட்ரிக்ஸ் அதைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். 1968இல் வெளிவந்தது. மூன்றே கார்டுகள்தான், சுற்றிச் சுற்றி அவையேதான். அந்த மூன்றுக்குள் அவருடைய கிட்டார் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகப் பேசுகிறது. நடுவில் வரும் நீண்ட தனி வாசிப்பைக் கவனியுங்கள். முதலில் நேராகப் பாடுகிறது, பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது, பிறகு வா-வா பெடலில் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவியில்) அழுகிறது. வரியில் காற்று ஊளையிடுகிறது என்று வரும்போது நமக்கு அது ஏற்கெனவே கேட்டுவிட்டது.

டிலனே பிறகு ஹென்ட்ரிக்ஸ் பாணியில்தான் மேடையில் அதை வாசித்தார். அவர் மேடைகளில் அதிகம் பாடிய பாட்டும் இதுதான். எழுதியவரே மற்றவர் வழிக்கு வந்துவிட்டார் என்றால் வேறென்ன சொல்ல?

நள்ளிரவுத்தேநீர்:

'ஹர்ட்'. இதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். சரி, நானே எழுதிவிடுகிறேன்.

நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரெண்ட் ரெஸ்னர் 1994இல் வெளியிட்டது. அப்போது அவருக்கு முப்பது கூட ஆகவில்லை. தன்னையே அழித்துக்கொள்ளத் துடிக்கும் ஓர் இளைஞனின் குரல் அது. இரைச்சலும் முணுமுணுப்புமாக இருக்கும். 2002இல் ரிக் ரூபின் தயாரிப்பில் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடினார். கேஷுக்கு எழுபது வயது, உடல்நலம் கெட்டு, குரல் உடைந்திருந்தது. ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி 'முள் கிரீடம்' என்று பாடினார். மற்றபடி ரெஸ்னர் எழுதியதுதான். ஆனால் இளைஞன் சொன்னால் அது வரப்போகும் வாழ்க்கையைப் பற்றிய பயம். கிழவர் சொன்னால் நடந்து முடிந்த வாழ்க்கையின் கணக்கு.

நான் முதலில் பார்த்தது மார்க் ரோமனெக் இயக்கிய வீடியோவை. டென்னசியில் மூடிக்கிடந்த கேஷின் சொந்த அருங்காட்சியகத்துக்குள் எடுத்திருக்கிறார்கள். இடையிடையே இளம் கேஷின் பழைய காட்சிகள். மனைவி ஜூன் கார்ட்டர் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். 2003 மே மாதம் ஜூன் கார்ட்டர் இறந்தார், செப்டம்பரில் கேஷும் போய்விட்டார். இது தெரிந்த பிறகு அந்தப் பார்வையை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், அந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்றார். என் சோகக் காலம் ஒன்றில் ரெஸ்னரின் பதிவுதான் துணையாக இருந்தது. இப்போது கேஷ்தான் கேட்கிறேன். வயது கூடக்கூட எந்தப் பதிவு பொருந்துகிறது என்பதும் மாறும்போல.

மல்லிகைமொட்டு:

எல்லோரும் அடுத்து விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்று சொல்வீர்கள். 1992, 14 வாரம் முதலிடம், துணையிசையே இல்லாமல் குரல் மட்டும் தொடங்கும் அந்த முதல் வரிகள், எல்லாம் தெரியும். பாடகியாக அவருக்கு இணை யாருமில்லை. ஆனால் மிஞ்சிவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மூலத்தை எழுதிப் பாடிய டாலி பார்ட்டன் அதை எழுதியது காதலனுக்காக இல்லை. தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியிலிருந்து விலகித் தனியாகப் போவதைச் சொல்லத்தான் எழுதினார். 1974இல் வந்த அந்தப் பதிவில் நடுவில் பாடாமல் பேசுகிற இடம் ஒன்று உண்டு. நன்றியோடு கதவைச் சாத்திவிட்டுப் போகிற ஒருத்தியின் குரல். முதல் வேலையை விட்டு வந்த வாரம் அதைக் கேட்டேன். என்னை வளர்த்த மேலதிகாரியிடம் சொல்ல வராத எல்லாம் அதில் இருந்தது. விட்னி பாடும்போது அது பெருங்காதலாகிவிடுகிறது. பிரமாண்டம்தான். ஆனால் அது வேறு பாட்டு.

இன்னொன்று. எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் பாட்டின் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி மறுத்துவிட்டார். பிறகு விட்னியின் பதிவு விற்றபோது எழுதியவருக்குரிய பங்கு முழுதும் டாலிக்கே வந்தது. அந்தத் துணிச்சலை வணங்குகிறேன்.

பழையகேசட்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது சகோதரி. ஆனாலும் விட்னியின் பதிவில் கடைசியில் டிரம் ஒரே அடி அடித்து சுருதி மேலே ஏறும் இடத்தில் என் வாதமெல்லாம் கரைந்துவிடுகிறது.

ரேடியோப்பெட்டி:

'ஹல்லேலூயா'வை யாரும் சொல்லவில்லையே! லெனர்ட் கோஹன் 1984, ஜான் கேல் 1991, ஜெஃப் பக்லி 1994. பக்லி கோஹனைப் பார்த்துப் பாடவில்லை. கேலின் பதிவிலிருந்து எடுத்தார். கவரின் கவர். எனக்கு கேல்தான்: ஒரு பியானோ, ஒரு குரல், ஒப்பனையே இல்லை.

பெரியதம்புரா:

பணம் பற்றிப் பேச்சு வந்ததால் எதிர்ப்பக்கமும் எழுத வேண்டும் என்று தோன்றியது. புகழில் மிஞ்சியதெல்லாம் பாட்டில் மிஞ்சியது ஆகாது.

'ஹவுண்ட் டாக்' என்றால் எல்விஸ், 1956. அதை முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. பதிவானது 1952இல், வெளிவந்தது 1953இல். ஆர் அண்டு பி (ரிதம் அண்டு ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை) பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவருடைய பாட்டில் நாய் என்பது உதவாக்கரை ஆண். வாசலில் மோப்பம் பிடித்து வருகிறவனைத் துரத்துகிறாள். அவ்வளவு தெனாவட்டு அந்தக் குரலில். எல்விஸுக்குக் கிடைத்தது லாஸ் வேகஸில் ஒரு குழு மாற்றிப் பாடிக்கொண்டிருந்த வடிவம். அதில் நாய் நிஜ நாயாகவே ஆகிவிட்டது, முயல் பிடிக்கத் தெரியாத நாய். துள்ளலுக்கு அது போதும், ஆடலாம். ஆனால் வாசலில் நின்று பேசிய அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள். தனக்கு இந்தப் பாட்டுக்காகக் கிடைத்தது 500 டாலர்தான் என்று தார்ன்டன் சொல்லியிருக்கிறார். நினைத்தாலே கோபம் வருகிறது.

அவரே எழுதிய 'பால் அண்டு செயின்' பாட்டை ஜானிஸ் ஜாப்ளின் பாடினார். ரெடிங் பாடிய அதே மான்டரே விழாவில்தான். அந்தப் படக்காட்சி பார்க்கக் கிடைக்கிறது. தொண்டை கிழியப் பாடுகிறார், உடம்பே நடுங்குகிறது. தார்ன்டன் நிதானமாக அழுத்திச் சொல்வதை இவர் கதறிச் சொல்கிறார். இரண்டில் எது மேல் என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. கேட்டவர்கள் எழுதுங்கள், தார்ன்டனை முதலில் கேட்டுவிட்டு.