சனிக்கிழமை ஆட்டம்: இந்த வேகத்தை எப்படி நிறுத்துறது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தெரிஞ்சவங்க சொல்லுங்க. சனிக்கிழமை எங்க டீம் மோதப்போறது, ஆட்டத்துக்கு 40 பாயின்ட்டுக்கு மேல குவிக்கிற அணியோட, அதுவும் அவங்க மைதானத்துல. ரிசீவர்களை (பாஸ் பிடிக்கிறவங்களை) சைடுலைனை ஒட்டி நிறுத்திட்டு, கூடி நின்னு திட்டம் பேசுற ஹடிலே இல்லாம அடுத்த ஸ்னாப்புக்குப் (பந்தைப் பின்னால கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குறதுக்கு) போயிடுறாங்க. அவங்க ஆள் மாத்தலைன்னா நமக்கும் மாத்த அவகாசம் கிடையாது. மூச்சு வாங்குற டிஃபென்சிவ் டாக்கிள் (தடுப்பு முன்வரிசையோட நடு ஆள்) உள்ளேயே மாட்டிக்கிறார். கல்லூரி ஆட்டத்துல, பந்தை வைக்கிற எல்லையான ரெண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவுல 40 அடி. பந்து ஒரு ஓரத்துல இருந்தா மறுபக்கம் மொத்தமும் காலி மனைதான்.

எங்க தடுப்பு அமைப்பு அடிப்படையில 4-2-5: முன்வரிசையில நாலு பேர், நடுவுல ரெண்டு, பின்வரிசையில அஞ்சு. இந்த மாதிரி அணிகள்கிட்ட இதுவரை செஞ்சு பார்த்தது: ரெண்டு சேஃப்டியும் (கடைசிக் காவல் ஆட்கள்) பின்னால நின்னா லாங் பாஸ் அடங்குது, ஆனா பாக்ஸ்ல (பந்துக்கு எதிர்ல முன்பகுதியில) ஆறே பேர், ரன்ல கிழிக்கிறாங்க. ஒருத்தரை முன்னால இறக்கினா ஸ்லாட் ரிசீவர் (உள்பக்கம் நிக்கிற ரிசீவர்) நடுவுல தனியா ஓடுறார். பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களை குவார்ட்டர்பேக் மேல, அதாவது பாஸ் எறியறவர் மேல பாய விடுறது) போய்ச் சேர்றதுக்குள்ள பந்து கைமாறிடுது. எட்டுப் பேர் பின்வாங்கினா குவார்ட்டர்பேக் சாவகாசமா நின்னு தேடுறார்.

2022-ல இதே மாதிரி வேகமா ஆடின டென்னசி அணியை ஜார்ஜியா அணி 13 பாயின்ட்ல நிறுத்துச்சே, அந்த முன்வரிசை எங்ககிட்ட இல்ல.

ரன்ல சில கெஜம் போனாலும் பரவாயில்லைன்னு ரெண்டு சேஃப்டியையும் பின்னாலேயே வைக்கலாமா, இல்ல முன்வரிசையில ஒருத்தரைக் குறைச்சு நடுவுல ஒருத்தரைக் கூட்டுற 3-3-5-க்கு மாறணுமா?