ஆப்ப சோடா பக்கத்தில் ‘ஈரியல்பு’ என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம்? அவசரம்

அடுப்படி_அல்லி:
சோடியம் பைகார்பனேட் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் தேடினேன். ‘ஒற்றைச்சரிவுப் படிகம்’, ‘ஈரியல்புச் சேர்மம்’, ‘வெப்பச் சிதைவுக்கு உட்படும்’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று தடவை படித்தும் தலைகால் புரியவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும்: பதிலாக இதைப் போடலாமா? ஓவனைச் சூடாக்கிவிட்டேன்.

தோசைக்கல்:
எதற்குப் பதிலாக? எதில்?

மோர்மிளகாய்:
பாக்கெட்டில் என்ன பெயர்? கடையில் பொட்டலமாகக் கட்டித் தந்த வெள்ளைத் தூள் என்றால் தொடாதீர்கள். சலவை சோடாவும் பார்க்க அப்படித்தான் இருக்கும். அது கார்பனேட், இது பைகார்பனேட்.

பழைய_ஆய்வகம்:
அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரிவது ஈரியல்பு. பள்ளிப் பாடம். கலைக்களஞ்சியம் என்ன சமையல் குறிப்பா? அடிப்படை தெரியாமல் மொழியைக் குறை சொல்வதே வழக்கமாகிவிட்டது.

தோசைக்கல்:
ஐயா, முதல் வரியிலேயே ‘ஆப்ப சோடா’ என்று ஒரு சொல் இருந்திருந்தால் இவர் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

பனங்கிழங்கு:
எங்கட ஊரில அப்பச்சோடா. யாழ்ப்பாணத்தில் படித்த எனக்கு உங்கள் ‘கார்பன் டை ஆக்சைடு’தான் சிக்கல், காபனீரொட்சைட்டு என்றால் உடனே விளங்கும்.

பழைய_ஆய்வகம்:
இரண்டுமே ஒலிபெயர்ப்பு. கரியமில வாயு என்ற நல்ல சொல்லைக் கைவிட்டது யார்?

பனங்கிழங்கு:
காபன், ஈர், ஒட்சைட்டு. நடுவில் நிற்கிற ‘ஈர்’ தமிழ்தானே ஐயா?

அடுப்படி_அல்லி:
மன்னிக்கவும், முட்டையில்லாத கேக். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் வேண்டும், தீர்ந்துவிட்டது. அரை கப் தயிர் சேர்க்கிறேன். பாக்கெட்டில் ‘சமையல் சோடா’ என்று இருக்கிறது.

மோர்மிளகாய்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கால் டீஸ்பூன் போதும். பேக்கிங் பவுடரில் இதே சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவுச்சத்தும் இருக்கும். உங்களுக்கு அமிலம் தயிரிலேயே வந்துவிடுகிறது, புளித்த தயிர் என்றால் இன்னும் நல்லது. கலந்ததும் நுரைக்கும், ஆறப்போடாமல் ஓவனில் வையுங்கள். கூடிப்போனால் சோப்பு மாதிரி கசக்கும். நீங்கள் படித்த வெப்பச் சிதைவு இதுதான்: மிஞ்சிய சோடா சூட்டில் கார்பனேட்டாகிவிடும்.

பழைய_ஆய்வகம்:
ஆக, அந்தப் பக்கத்தில் தப்பில்லை.

தோசைக்கல்:
தப்பு என்று யார் சொன்னது?

அடுப்படி_அல்லி:
உப்பியது. நடுவில் மட்டும் ஒரு குழி. நன்றி.

பனங்கிழங்கு:
இடையில் ஓவன் கதவைத் திறந்து பார்த்தீங்களோ?