ரீகால் ஆன பவர் பேங்க் வீட்டுல இருக்கு, உப்பவும் இல்ல சூடாகவும் இல்ல, என்ன பண்றது?

மதுரை_கண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரமா ஒரு சந்தேகம்.

எங்க அண்ணன் நியூஜெர்சியில இருக்கான். 2019 தீபாவளிக்கு வந்தப்ப ஆங்கர் பவர் பேங்க் ஒன்னு கொண்டாந்து குடுத்தான், பவர்கோர் 10000, கறுப்பு, சோப்புக்கட்டி சைஸ்தான் இருக்கும். அன்னைலேருந்து அது அம்மாவோடதாயிருச்சு. கரண்ட் போனா அதான், கோயிலுக்கு கெளம்புனா மஞ்சப்பையில மொத வேலையா அதத்தான் எடுத்து வப்பாங்க, ராத்திரி ஃபோன அதுல மாட்டி தலகாணி பக்கத்துலயே வச்சுட்டு தூங்குறது வேற.

நேத்து அண்ணன் ஃபோன் பண்ணி அடியில ஏ1263ன்னு இருக்கா பாருடான்னான். எழுத்து பொடிப்பொடியா இருக்கு, ஃபோன் கேமரால ஜூம் பண்ணித்தான் படிச்சேன், அதே நம்பர்தான். அமெரிக்காவுல அந்த மாடல ரீகால் பண்ணிட்டாங்களாம், அதாவது ஆபத்துன்னு சொல்லி வித்தத கம்பெனியே திருப்பிக் கூப்பிடுறது, தீப்புடிக்குதாம். அம்மாகிட்ட சொன்னா, இத்தன வருஷமா ஒன்னும் ஆகல, உப்பல, சூடாகல, நல்ல பொருள ஏன்டா தூக்கிப் போடச் சொல்றங்குறாங்க. அவங்க கேக்குறதும் நியாயமாத்தான் படுது, எனக்கே பதில் தெரியல. நல்லா இருக்குற மாதிரி தெரியுற பேட்டரி திடீர்னு எப்புடி எரியும்? இங்க இந்தியாவுல இருந்துக்கிட்டு அத மாத்த முடியுமா? அண்ணன் ஜனவரியில வர்றான், போறப்ப அவன்கிட்டயே குடுத்து விட்டுறலாமா? அதுவரைக்கும் இத வீட்டுல எங்கதான் வைக்கிறது? இப்போதைக்கு பீரோல துணிக்கு அடியில வச்சிருக்கேன்.

ஜெர்சி_மீனா:

கண்ணன், மொதல்ல அத பீரோலேருந்து வெளிய எடுங்க, துணிக்கு அடியில வேணவே வேணாம்ப்பா.

எங்க வீட்டுலயும் இதே மாடல் இருந்துச்சு, அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். 2025 ஜூன்ல இங்க இருக்குற நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷன் அறிவிச்ச ரீகால் இது. 2016 ஜூன்லேருந்து 2022 டிசம்பர் வரைக்கும் வித்தது, கிட்டத்தட்ட 11 லட்சத்து 58 ஆயிரம் பீஸ். தீ, வெடிப்புன்னு 19 புகார் வந்திருக்கு, ரெண்டு பேருக்கு லேசான தீக்காயம். 11 லட்சத்துல 19தானேன்னு எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. அந்த 19 வீட்டுலயும் முந்துன நாள் வரைக்கும் அது நல்லாத்தானே இருந்திருக்கும்?

மாத்துறதுக்கு பொருள அனுப்பச் சொல்றதே இல்ல. மாடல் நம்பர், சீரியல் நம்பர் ரெண்டும் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுக்கணும், பவர் பேங்க் மேலயே அழியாத மார்க்கர் பேனாவால ரீகால்டுன்னு இங்கிலீஷ்ல எழுதணும், உங்க பேரும் ஃபோட்டோ எடுத்த தேதியும் அதுல இருக்கணும். அத ஆங்கர் கம்பெனி சைட்டுல ஏத்துனா புது பவர் பேங்க் இல்லன்னா 30 டாலர் கிஃப்ட் கார்டு. உங்க அண்ணன் இங்க வாங்குனது, அதனால அவர் பேர்லயே அவரையே ஃபார்ம் போடச் சொல்லுங்க, நீங்க அங்க ஃபோட்டோ எடுத்து அனுப்புனா போதும். ஒன்னு மறக்காதீங்க, எல்லா ஏ1263யும் ரீகால்ல இருக்குன்னு இல்ல, சீரியல் நம்பர அந்தப் பக்கத்துல போட்டுப் பாத்தாதான் உறுதியா தெரியும்.

ரிச்சி_ஸ்ட்ரீட்_செல்வம்:

தம்பி, அம்மா கேட்டதுக்கு நான் சொல்றேன், 18 வருஷமா ஃபோன் பிரிச்சு மாட்டுறதுதான் நம்ம பொழப்பு.

பேட்டரி உள்ள ரெண்டு தகடு, ப்ளஸ் ஒன்னு மைனஸ் ஒன்னு, நடுவுல பிளாஸ்டிக் மாதிரி ஒரு ஜவ்வு, தலமுடிய விட மெல்லிசு. அந்த ஜவ்வு இருக்குற வரைக்கும் எல்லாம் சரி, எங்கயாச்சும் ஓட்ட விழுந்து ரெண்டு தகடும் தொட்டுச்சுன்னா உள்ளயே ஷார்ட், உள்ள இருக்குற திரவமும் தீப்புடிக்கிற சாமான், ஒரு எடத்துல கெளம்புன சூடு பக்கத்துக்குப் பரவி பரவி சில செகண்டுல மொத்தமும் போயிரும். ஃபேக்டரியில நடந்த தப்பு உள்ளதான் இருக்கும், வெளியிலேருந்து நானே பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. உப்புறது சூடாகுறதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா அது நம்ம அதிர்ஷ்டம், எல்லாம் அப்புடி சொல்லிட்டு வராது.

2016ல சாம்சங் நோட் 7 கத ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட்ல வந்த ஃபோன், செப்டம்பர் 2ஆம் தேதியே 25 லட்சம் பீஸ திருப்பி எடுக்குறோம்னாங்க. வேற கம்பெனி பேட்டரி போட்டு மாத்திக் குடுத்தாங்க, அதுவும் எரிஞ்சுச்சு, அக்டோபர்ல அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. 2017 ஜனவரியில காரணத்த வெளியிட்டாங்க பாருங்க, மொத பேட்டரியில மேல் மூலையில மைனஸ் தகடு மடங்கியிருந்துச்சாம், ரெண்டாவதுல வெல்டிங் பிசிறு நீட்டிக்கிட்டு ஜவ்வுல குத்தியிருக்கு, சிலதுல இன்சுலேஷன் டேப்பே ஒட்டாம விட்டுருக்காங்க. ஒரு பிசிறு தம்பி, அவ்வளவு பெரிய கம்பெனிக்கே. அந்த ஃபோன வச்சிருந்த லட்சக்கணக்கான பேருக்கு எரியவே இல்ல, ஆனா எவனோடது எரியும்னு யாருக்குத் தெரியும், அதான் எல்லாத்தையும் திருப்பிக் கேக்குறாங்க. அம்மாகிட்ட இத அப்படியே சொல்லுங்க.

வைக்கிறதுக்கு, ஒரு பழைய மண்சட்டி இல்ல இரும்புச் சட்டியில காஞ்ச மணல் போட்டு அதுக்குள்ள வச்சு, வெயிலும் மழையும் படாத எடமா, சிமெண்டுத் தரையில, பக்கத்துல துணி பேப்பர் கேஸ் சிலிண்டர் எதுவும் இல்லாம வைங்க. இறுக்கமா மூடி போடாதீங்க, கேஸ் வந்தா வெளிய போக வழி இருக்கணும். இனிமே சார்ஜ் போடாதீங்க, அதுலேருந்து ஃபோனுக்கும் ஏத்தாதீங்க, பிரிச்சுப் பாக்கணும்னு தோணும், அதையும் செய்யாதீங்க.

திருப்பூர்_அருண்:

ப்ரோ உப்புத் தண்ணியில ரெண்டு நாள் ஊறப்போட்டா பேட்டரி மொத்தமா செத்துரும்னு யூடியூப்ல பாத்தேன், ஈஸி. அப்புறம் குப்பைல போட்டுறலாம்.

ரிச்சி_ஸ்ட்ரீட்_செல்வம்:

அருண், அத செய்யாதீங்க, இங்க சொல்லவும் சொல்லாதீங்க ப்ளீஸ். உப்புத் தண்ணியில போட்டா வெளி முனையெல்லாம் அரிச்சு கேஸ் கெளம்பும், ஆனா உள்ள இருக்குற சார்ஜ் முழுசா போச்சான்னு தெரியாது. எடுத்து வெளிய வச்சப்புறமும் ஷார்ட் ஆகலாம். குப்பத்தொட்டியில போட்டீங்கன்னா அந்த லாரி உள்ள மெஷின் போட்டு நசுக்கும், நசுங்குனா அங்கயே ஷார்ட்டுதான், அந்த வண்டியில வேல செய்யுறவங்க தலையிலதான் விடியும். அவங்கள நெனச்சுப் பாருங்க.

சாங்கி_ராஜா:

அண்ணன் போறப்ப குடுத்து விடலாமான்னு கேட்டிருந்தீங்க, கூடவே கூடாது நண்பா. நான் சிங்கப்பூர்ல கார்கோ பக்கம் வேல பாக்குறேன். நல்ல பவர் பேங்கே செக்கின் பெட்டியில போகக் கூடாது, கையில எடுத்துட்டுப் போற பையிலதான், 100 வாட் ஹவருக்குள்ள (பேட்டரியில எவ்வளவு மின்சக்தி அடங்கும்ங்குற அளவு) இருக்கணும் (உங்க 10000 எம்ஏஹெச் சுமார் 37 வாட் ஹவர்தான், அளவுல பிரச்சன இல்ல). ஆனா பாதுகாப்புக் காரணத்துக்காக ரீகால் ஆன பேட்டரி, அடிபட்ட பேட்டரி இதுக்கெல்லாம் விமானத்துலயே எடம் கெடையாது, கையிலயும் கூடாது, ஏர் கார்கோவுலயும் கூடாது. யாருக்கும் தெரியவா போகுதுன்னு கூரியர்ல சும்மா எலக்ட்ரானிக் பொருள்னு போட்டு அனுப்பிறாதீங்க, நிறைய பேர் செய்றாங்க, எனக்கு அத நெனச்சாலே வயிறு கலங்கும்.

2016 செப்டம்பர் 23, சிங்கப்பூர்லேருந்து சென்னை வந்த இண்டிகோ ஃப்ளைட்டு. மேல பை வைக்கிற எடத்துலேருந்து புகை, பாத்தா சாம்சங் நோட் 2, நோட் 7கூட இல்ல, பழைய ஃபோன். க்ரூ தீயணைப்பான் அடிச்சு, தண்ணி ஊத்துன பாத்திரத்துல அந்த ஃபோன போட்டு டாய்லெட்ல வச்சாங்க, பத்திரமா எறங்கிருச்சு. அது நம்மூரு சனம் போற வர ஃப்ளைட்டு, எங்க வீட்டு ஆளுங்களே எத்தன தடவ அதுல போயிருக்காங்க. 2025 ஜனவரி 28 தென்கொரியாவுல கிம்ஹே ஏர்போர்ட்ல ஏர் பூசான் விமானம் கெளம்புறதுக்கு முன்னாடியே எரிஞ்சு மேல்கூரையே போயிருச்சு, 176 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க, பவர் பேங்க்தான் காரணமா இருக்கணும்னு விசாரணைல சொன்னாங்க. அதே வருஷம் ஏப்ரல் 1லேருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல ஃப்ளைட்டுக்குள்ள பவர் பேங்க் யூஸ் பண்ணவே கூடாதுன்னு ஆச்சு. சீனாவுல ரோமோஸ் கம்பெனி சுமார் 4,90,000 பவர் பேங்க திருப்பிக் கேட்டது, ரீகால் ஆனதையும் 3சி முத்திரை (சீனாவோட பாதுகாப்புச் சான்று) இல்லாததையும் உள்நாட்டு ஃப்ளைட்ல ஏத்தவே கூடாதுன்னு அங்க விமானத்துறை தடை போட்டது, எல்லாம் அந்த வருஷம் ஜூன்லதான்.

பழைய_நோக்கியா:

இதப் படிச்சதும் 2007 ஆகஸ்ட் ஞாபகம் வந்துச்சு. நோக்கியா பிஎல்-5சி பேட்டரி, மட்சுஷிடா கம்பெனி செஞ்சது, உலகம் பூரா 4 கோடியே 60 லட்சம். அப்ப நான் காலேஜ், ஊர்ல யார்கிட்ட பாத்தாலும் அந்த பேட்டரிதான். ஃபோன் வெடிக்கப் போகுதுன்னு வதந்தி வேற. எங்க தெருவுல பெரியவங்க எல்லாம் ஃபோன எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுப்பாங்க, பின்னாடி மூடிய நகத்தால நெம்பி, பேட்டரிய எடுத்து, முதுகுல இருக்குற 26 எழுத்து நம்பர பேப்பர்ல எழுதிக்கிட்டு, பிரவுசிங் சென்டர் போய் ஒன்னொன்னா அடிச்சுப் பாப்பேன். சார்ஜ் போடுறப்ப சூடான சம்பவம் மொத்தம் 100 போலத்தான், ஆனாலும் கேட்டவங்களுக்கு மாத்திக் குடுத்தாங்க. எங்க தாத்தா பேட்டரி லிஸ்ட்ல இல்லன்னு சொல்லியும் ஒரு வாரம் ஃபோன முத்தத்துல கயித்துக் கட்டில் மேலயே வச்சிருந்தாரு.

அன்னைக்கு பேட்டரிய கழட்டி நம்பர் பாக்க முடிஞ்சது, இன்னைக்கு எல்லாம் ஒட்டி மூடிட்டாங்க. அதனால வாங்குன பில்லையும் டப்பாவையும் கொஞ்ச நாள் வச்சுக்குங்கய்யா.

காட்பாடி_சுதா:

எங்க ஊர்ப்பக்கம் 2022 மார்ச்ல நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் பைக் எரிஞ்சு, புகையில மூச்சு முட்டி அப்பாவும் மகளும் போயிட்டாங்க. அந்த மாசத்துலேருந்தே ஒன்னு மாத்தி ஒன்னா ஸ்கூட்டர் எரியுற வீடியோ வந்துச்சு, ஏப்ரல்ல ஒகினாவா 3,215, ப்யூர் இவி 2,000, ஓலா 1,441ன்னு வண்டிகள திருப்பிக் கூப்பிட்டாங்க, பேட்டரி டெஸ்ட் விதிகளையும் அப்புறம்தான் இறுக்குனாங்க. ரெண்டு உசுரு போனதுக்கப்புறம். அதனால கண்ணன் சார், அம்மா ராத்திரி தலமாட்டுல வச்சு சார்ஜ் போடுறாங்கன்னு படிச்சதும் எனக்கு மனசு பதறிருச்சு, புதுசு வாங்கினாலும் அத மட்டும் விடச் சொல்லுங்க, முழிச்சிருக்குறப்ப சார்ஜ் போட்டா போதும்.

நம்ம ஊர்ல வாங்குன பொருளா இருந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் பண்ணி புகார் குடுக்கலாம். 2019 சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆபத்தான பொருள திருப்பி எடுக்கச் சொல்ற அதிகாரம் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. புதுசு வாங்குறப்ப ஆர்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர் இருக்குற பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷன் பாருங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனி, எந்தப் பொருள்னு வந்துரும். நான் ஒரு தடவ கடையில நின்னுக்கிட்டே போட்டேன், பவர் பேங்க் மேல இருந்த நம்பர் வேற ஏதோ பொருளுக்குக் குடுத்தது. அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்.

மதுரை_கண்ணன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, செல்வம் அண்ணே உங்களுக்கு தனியா ஒரு கும்புடு. அந்த வெல்டிங் பிசிறு விஷயத்த அம்மாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் அவங்களே போய் மொட்ட மாடிப் படிக்கட்டுக்கு அடியில கெடந்த பழைய மண்சட்டிய எடுத்துட்டு வந்தாங்க. வீடு கட்டுனப்ப மிச்சமான மணல் மூட்டையில இருந்துச்சு, ஈரமா இருந்ததால ஒரு மத்தியானம் வெயில்ல காய வச்சுத்தான் போட்டேன். இப்ப படிக்கட்டு மூலையில இருக்கு, பக்கத்துல எதுவும் இல்ல.

சீரியல் நம்பர அண்ணன் போட்டுப் பாத்தான், லிஸ்ட்ல இருக்கு. மார்க்கர்ல எழுதி அவன் பேர், தேதி எல்லாம் போட்டு ஃபோட்டோ அனுப்பிட்டேன், ஃபார்ம் போட்டுட்டான். ஜனவரியில அவன் வெறுங்கையோட வந்தா போதும்னு சொல்லிட்டேன் ராஜா.

ஒன்னே ஒன்னு பாக்கி. இத கடைசியா எங்க குடுக்குறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சைட்டுல அனுமதி வாங்குன இ-வேஸ்ட் ஆளுங்க லிஸ்ட் இருக்கு, அதுலேருந்து ரெண்டு பேருக்கு திங்கக்கிழம ஃபோன் பண்ணப் போறேன். ஒத்த பவர் பேங்குக்கெல்லாம் வாங்குவாங்களா, இல்ல நேர்ல கொண்டு போகணுமா? மதுரையில யாராச்சும் குடுத்திருந்தா எந்த ஏரியான்னு மட்டும் சொல்லுங்க, மணல் சட்டியோடயே ஆட்டோல கொண்டு போயிடுறேன்.