கார்டு டெஸ்ட் நெகட்டிவ், ஸ்மியரில் வைவாக்ஸ்: எதை நம்புவது?

லேப்மாணவி
வணக்கம். மலேரியா பரிசோதனையில் இரண்டு முரண்பாடுகளுக்கு விளக்கம் வேண்டும்.

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் கார்டு டெஸ்ட் (பட்டையில் ரத்தம் விட்டு, கோடு விழுகிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ். அதே ரத்தத்தின் தடித்த ஸ்மியரில் (கண்ணாடியில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) வைவாக்ஸ் என்ற மலேரியா கிருமி இனம் தெரிகிறது. இன்னொரு பக்கம், ஃபால்சிபேரம் என்ற மற்றொரு இனத்துக்கு மருந்து முடித்து இரண்டு வாரம் ஆனவருக்கு கார்டில் கோடு விழுகிறது, ஸ்மியரில் ஒன்றுமே இல்லை. இரண்டில் எது சரி? கிருமியை ஒளிரவைத்துப் பார்க்கும் கியூ.பி.சி. சோதனை போட்டால் இந்தக் குழப்பம் தீருமா?

கண்ணாடித்துண்டு
இரண்டு இடத்திலும் ஸ்மியர்தான் சரி. ஆனால் காரணங்கள் வேறு வேறு.

கார்டு கிருமியைப் பார்ப்பதில்லை, அது வெளிவிடும் புரதத்தைப் பார்க்கிறது. எச்.ஆர்.பி.2 என்ற புரதம் ஃபால்சிபேரம் மட்டுமே உண்டாக்குவது. வைவாக்ஸைப் பிடிக்க கார்டில் இருப்பது பெரும்பாலும் பி.எல்.டி.எச். என்ற கிருமி நொதிக்கான கோடுதான். உலக சுகாதார நிறுவனம் கார்டுகளைச் சோதித்தபோது வைத்த கீழ் அளவே ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 கிருமிகள். அதற்குக் கீழே போனால் கோடு மங்கும், இல்லாமலும் போகும். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களுக்குள் மட்டுமே புகுவதால் எண்ணிக்கை பொதுவாகவே குறைவு. அதனால் சென்னை மாதிரி வைவாக்ஸ் மேலோங்கிய ஊரில் கார்டை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு: கிருமி செத்த பிறகும் எச்.ஆர்.பி.2 ரத்தத்தில் நான்கைந்து வாரம்கூடத் தங்கும். ஆகவே மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அந்தக் கோடு உதவாது. பி.எல்.டி.எச்.ஐ உயிருள்ள கிருமிதான் உண்டாக்கும் என்பதால் அது சில நாளில் மறைந்துவிடும்.

எச்.ஆர்.பி.2 மரபணுவையே இழந்த ஃபால்சிபேரமும் உண்டு. பெருவின் அமேசான் பகுதியில் இருப்பதாக 2010-ல் முதன்முதலில் தெரியவந்தது, பிறகு எரித்ரியாவில் பெரும் சிக்கலானது. அப்படிப்பட்ட கிருமி என்றால் எச்.ஆர்.பி.2 கோடு விழாமல் போகலாம்.

ஜிம்சா
கார்டில் நம் கைத்தவறும் நிறைய. பையைப் பிரித்ததும் போட வேண்டும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் பட்டை ஈரம் இழுத்துவிடும். ஒரு கம்பெனி கார்டுக்கு இன்னொரு கம்பெனி பஃபரையோ (கார்டோடு வரும் திரவம்) வெறும் தண்ணீரையோ ஊற்றினால் இல்லாத கோடு வரும். பெட்டியில் எழுதிய நேரம் தாண்டிப் படித்தாலும் அப்படித்தான். சி கோடு (கன்ட்ரோல் கோடு) விழுந்தால் திரவம் பட்டையில் ஓடியது என்று மட்டும் அர்த்தம். வெயிலில் கிடந்த கார்டிலும் அது விழலாம்.

ஸ்மியருக்கு வருகிறேன், பிழை பெருகும் இடம் அதுதான். தடித்த பூச்சுக்கு சுமார் 6 மைக்ரோலிட்டர், மெல்லியதுக்கு 2. தடித்த பூச்சை அச்சிட்ட தாளின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும். இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த ரத்தம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் கிருமியின் வடிவம் கெட்டு இனம் சொல்ல முடியாது.

மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். ஒரே ஸ்லைடில் இரண்டும் இருந்தால் மெத்தனால் ஆவி பட்டாலே போதும், தடித்த பூச்சு இறுகி சிவப்பணு உடையாமல் நிற்கும். உள்ளே எதுவும் தெரியாது. ஹேர் டிரையரில் சூடாக உலர்த்துவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

ஜிம்சா சாயம் 3 சதவீதம் என்றால் 45 நிமிடம், அவசரத்துக்கு 10 சதவீதத்தில் 10 முதல் 15 நிமிடம். தண்ணீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். அமிலப் பக்கம் சாய்ந்தால் வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரியும் ஷூஃப்னர் புள்ளிகள் சாயமே ஏறாது. சாயத்தை அன்றன்று கரைத்து வடிகட்டுங்கள்: சாயத் துகளும், சிவப்பணு மேல் உட்கார்ந்த தட்டணுவும் கிருமி என்று எழுதப்படுவது அடிக்கடி நடக்கிறது.

கியூ.பி.சி. வேகமானதுதான், குறைந்த எண்ணிக்கையையும் பிடிக்கும். நுண்குழாயில் அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தோடு ரத்தத்தைச் சுழற்றி, ஒளிரும் கிருமியைப் பார்க்கிறோம். ஆனால் இனம் பிரிப்பது கடினம், எண்ணிக்கை சரியாக வராது, பிறகு எடுத்துப் பார்க்க ஸ்லைடும் மிஞ்சாது. சிவப்பணுவில் மிஞ்சிய உட்கருத் துணுக்குகளான ஹோவெல்-ஜாலி உருண்டைகளும் ஏமாற்றும். அதில் பாசிட்டிவ் வந்தாலும் ஸ்மியர் போட்டே ஆக வேண்டும்.

யாழ்_ஆய்வுகூடம்
இலங்கையில் நிலைமை வேறு. 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்று, 2016-ல் மலேரியா அற்ற நாடு என்று சான்று கிடைத்தது. இப்ப வருவது பயணிகளின் காய்ச்சல்தான். பொசிற்றிவ் ஸ்லைட்டைக் காண்பதே அரிதென்றால் கண்ணின் பழக்கம் போய்விடும், ஆகவே பழைய ஸ்லைட்டுகளைப் பாதுகாத்துப் பயிற்சி செய்வது அவசியம்.

நோய் அரிதான இடத்தில் பொசிற்றிவ்வையும் சந்தேகிக்க வேணும். காய்ச்சல்காரர் 1000 பேரில் உண்மையில் 10 பேருக்குத்தான் மலேரியா என்று வையுங்கோ. 95 சதவீதம் பிடிக்கும், 98 சதவீதம் சரியாக விலக்கும் என்ற கார்டில் நோயாளிகள் 9 அல்லது 10 பேர் அகப்படுவார்கள். மீதி 990 பேரில் சுமார் 20 பேருக்குப் பொய்க்கோடு விழும். கோடு விழுந்த 30 பேரில் 20 பேருக்கு மலேரியாவே இல்லை. குருதியில் முடக்குவாதக் காரணி (ரூமற்றொயிட் ஃபக்ரர்) என்ற எதிர்ப்புரதம் உள்ளவர்களுக்கு இப்படிப் பொய்க்கோடு வருவதுண்டு.

ஆபிரிக்கா போய் வந்தவரில் மறுபக்கம் பாருங்கோ. முதிர்ந்த ஃபால்சிபேரம் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளும், விரல் குருதியில் வளைய வடிவம் மட்டும்தான், அதுவும் சில வேளை சொற்பம்தான். ஒரு நெகற்றிவ்வோடு அனுப்பிவிடக் கூடாது. 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று தடவை பார்க்க வேணும். டொக்சிசைக்கிளினோ அசித்ரோமைசினோ எடுத்தவரா என்றும் கேளுங்கோ, அவை எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

லேப்மாணவி
மிக்க நன்றி. நுண்ணோக்கியில் 100 ஃபீல்டு (ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டம்) பார்த்து ஒன்றும் இல்லையென்றால் ‘மலேரியா இல்லை’ என்று ரிப்போர்ட் கொடுக்கலாமா?

கண்ணாடித்துண்டு
அப்படி எழுதாதீர்கள். தடித்த பூச்சில் 100 ஃபீல்டு என்பது தோராயமாகக் கால் மைக்ரோலிட்டர் ரத்தம். மைக்ரோலிட்டருக்கு 10 கிருமி உள்ளவரிடம் அதில் இரண்டு மூன்றுதான் இருக்கும், சாயம் கழுவும்போது அவையும் போகலாம். வைவாக்ஸ் ஈரலில் உறங்கும் நிலையில் இருந்தால் எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது.

‘தடித்த பூச்சில் 100 ஃபீல்டில் மலேரியா கிருமி காணப்படவில்லை’ என்று எழுதி, ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் சேருங்கள். பாசிட்டிவ் என்றால் இனத்தோடு எண்ணிக்கையும் வேண்டும்: 200 வெள்ளணுக்களை எண்ணும்போது கண்ட கிருமிகளை 40-ஆல் பெருக்குங்கள். இது மைக்ரோலிட்டருக்கு வெள்ளணு 8000 என்று வைத்த கணக்கு. அன்றைய சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) கையில் இருந்தால் 8000-க்குப் பதில் அதிலுள்ள வெள்ளணு எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள்.