புதுப்பிப்பு: எழுத்துப் பயிற்சித் தாள்கள் விற்பனைக்கு வந்த பிறகு

தமிழின் 247 எழுத்துகளுக்கும் பயிற்சித் தாள்கள் தயாரித்து, பிடிஎஃப் கோப்பாக 149 ரூபாய்க்கு விற்கலாமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். விற்கத் தொடங்கிவிட்டேன்; இதுவரை 31 பேர் வாங்கியிருக்கிறார்கள்.

விலையைப் பற்றித்தான் அப்போது கவலைப்பட்டேன், ஆனால் சிக்கல் எழுத்துருவில் வந்தது. எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்காமல் விட்டிருந்ததால், வாங்கிய ஒரு தாயாரின் கைப்பேசியில் ‘கொ’, ‘கோ’ வரவேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டங்கள் மட்டுமே தெரிந்தன; அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. உரிமத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன்: அந்த எழுத்துரு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். ஆகவே, வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் திறந்த உரிமம் கொண்ட நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவுக்கு மாறி, எல்லாப் பக்கங்களையும் மறுபடி அமைத்து, பழைய கைப்பேசி ஒன்றிலும் திறந்து பார்த்த பிறகே, முன்பு வாங்கியவர்களுக்குப் புதிய கோப்பைக் கட்டணமின்றி அனுப்பினேன்.

வண்ணப் பக்கங்களுக்கு ஜெராக்ஸ் கடையில் என் விலையைவிட அதிகம் கேட்கிறார்களாம். கறுப்பு வெள்ளைப் பதிப்பையும் அதே விலைக்குள் சேர்த்துவிட்டேன். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளுக்கான தாள்களை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.