வஹாக்காவில் தங்கி வேலை பார்ப்பது இயலுமா?

குடந்தைக்காரன்: சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கும்பகோணத்து வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிவரும் நான், தை அறுவடை முடிந்ததும் மெக்சிகோவின் வஹாக்கா நகரில் மூன்று மாதம் தங்கி அப்பணியைத் தொடர எண்ணுகிறேன். விசா, வேலை நேரம், சைவ உணவு பற்றிச் சென்றுவந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

திருவையாறு வாசகர்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், சுற்றுலாப் பயணியாக நுழைய மெக்சிகோ விசா தேவையில்லை, 180 நாள் என்பது உச்சவரம்பு மட்டுமே, உங்களுக்கு எத்தனை நாள் என்பதை நுழைவிடத்து அதிகாரியே முடிவு செய்வார். நேரம்தான் பெரும்பாடு. நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊர் என்பதால், இங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் வேலை அங்கே முந்தைய இரவு 10.30க்குத் தொடங்கும். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, மோந்தே அல்பான் குன்றின் மேல் சபோடெக் என்னும் பூர்வகுடியினர் பண்டைக் காலத்தில் கட்டிய மேடைகளை அரைத் தூக்கத்தில் பார்த்தவன் நான்.

மன்னார்குடி அக்கா: தம்பி, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, கழுவி அரைத்த மாவில், அப்பளம்போல் மொறுமொறுவென்று அகலமாகச் சுடும் ட்லயூடாவை அவசியம் சாப்பிடுங்கள். ஆனால் அதன்மேல் கறுப்பு பீன்ஸ் விழுதுடன் அசியெந்தோ என்னும் பன்றிக் கொழுப்பையும் தடவுவது வழக்கம். "சின் அசியெந்தோ" (அசியெந்தோ இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அங்கேயும் கேன் தண்ணீர்தான்.

குடந்தைக்காரன்: அமெரிக்க விசா கைவசம் உள்ளது. பகல் தூக்கத்துக்குத் தகுந்த அறையைத்தான் இனித் தேட வேண்டும்.